கூப்பனில் இடம்பெறாத மைதானம்

விளையாட்டு ரசிகரின் கருத்து ஆட்டம் முடிந்த பிறகு பிறப்பது. எனவே அதனால் எந்த முடிவும் மாறுவதில்லை என்பதே பொதுவான எண்ணம். தேநீர்க் கடையிலும் சலூனிலும் பஸ் தரிப்பிடத்திலும் வாரந்தோறும் எத்தனை அணித்தலைவர்கள் நீக்கப்பட்டாலும், எத்தனை பந்துவீச்சாளர்கள் தெரிவு செய்யப்பட்டாலும், தெரிவுக்குழுவின் பட்டியலில் ஓர் எழுத்தும் அசையாது. ஆனால் உலகின் மிகப்பெரிய விளையாட்டு வணிகங்களுள் ஒன்றில், அறுபது ஆண்டுகளுக்கு மேலாக, வாரந்தோறும் எழுத்தில் பதிவான கருத்தே அவ்வாண்டின் வெற்றியாளர் யாரென்பதைத் தீர்மானித்து வந்தது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான புட்போல் விளையாட்டே அது. அதே இயல்புடைய ஒரு வாக்கெடுப்பு, சிறிய அளவில், இலங்கையின் பாடசாலைக் கிரிக்கெட்டிலும் நீண்ட காலமாக இருந்து வருகிறது என்பதையும், அந்த வாக்கு ஊவா மாகாணத்தின் தேயிலைத் தோட்டங்கள் வரை ஏறி வருவதில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் ரசிகரின் கருத்துக்கு உள்ள உண்மையான வலிமை விளங்கும்.

அமெரிக்கர் புட்போல் என்று சொல்வது இலங்கையர் அறிந்த உதைபந்தாட்டம் அன்று; முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும், தலைக்கவசம் அணிந்த பதினொருவர் எதிரணியின் பதினொருவரை மோதித் தள்ளி முன்னேறும் ஆட்டம் அது. 1869 நவம்பர் 6ஆந் திகதி நியூ ஜேர்சி மாநிலத்தில் ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் ஆகிய இரு கல்லூரிகள் ஆடி, ரட்கர்ஸ் 6–4 என வென்ற ஆட்டத்தையே அதன் முதலாவது கல்லூரிப் போட்டியாகக் கணக்கிடுகின்றனர். தொழில்முறை அணிகள் தலையெடுப்பதற்குப் பல பத்தாண்டுகள் முன்னரே கல்லூரி ஆட்டம் ஊர்ப் பெருமையாகவும் குடும்ப வழக்கமாகவும் வேரூன்றிவிட்டது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் சொந்த அரங்கில் இன்று ஒரு இலட்சத்து ஏழாயிரம் பேருக்கு மேல் அமரலாம் என்பதையும், கொழும்பு கெத்தாராம அரங்கின் கொள்ளளவு ஏறத்தாழ முப்பத்தைந்தாயிரம் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்த வேரின் ஆழம் புலப்படும். ஒரு பல்கலைக்கழகத்து மாணவர் ஆடுவதைக் காண ஒரு மாவட்டத் தலைநகரத்தின் சனத்தொகை திரள்கிறது.

இத்தனை கல்லூரிகளும் ஒன்றோடொன்று மோதி முடிவு காண ஒரு பருவகாலம் போதாது. நாடு பெரியது, அணிகள் நூற்றுக்கு மேல், ஒவ்வோர் அணியும் ஓராண்டில் பன்னிரண்டு ஆட்டங்கள் அளவிலேயே ஆட முடியும். எனவே நாட்டின் சிறந்த அணி எது என்ற கேள்விக்கு மைதானத்தில் விடை கிடைக்காத நிலையில், அசோசியேட்டட் பிரஸ் என்ற செய்தி நிறுவனம் 1936ஆம் ஆண்டில் ஒரு வழி கண்டது: விளையாட்டுப் பத்திரிகையாளர்கள் வாரந்தோறும் தத்தம் தரவரிசையை எழுதி அனுப்புவர், முதலிடத்துக்கு அதிக புள்ளிகளும் அடுத்தடுத்த இடங்களுக்குப் படிப்படியாகக் குறைந்த புள்ளிகளும் வழங்கிக் கூட்டிப் பார்த்து, மேலே நிற்பதையே அவ்வாரத்தின் முதல் அணியாக அறிவிப்பர். பருவகாலத்தின் இறுதிப் பட்டியலில் முதலிடம் பெற்ற அணி தேசிய வெற்றியாளர். 1950 முதல் பயிற்றுநர்களின் பட்டியலொன்றும் தனியாக வெளிவரத் தொடங்கியதால், 1997இல் நேர்ந்ததுபோல், பத்திரிகையாளர் மிச்சிகனையும் பயிற்றுநர் நெப்ராஸ்காவையும் தெரிவு செய்ய, தோல்வியே காணாத அவ்விரு அணிகளும் ஒன்றையொன்று சந்திக்காமலேயே இரண்டு வெற்றியாளர்களாகப் பருவம் முடிந்ததும் உண்டு. 1998இல் முதலிரு இடத்தவரை மோதவிடும் முறையும், 2014இல் நால்வரை மோதவிடும் முறையும், 2024இல் பன்னிருவர் முறையும் வந்தன. ஆயினும் அந்த நால்வர் யார், பன்னிருவர் யார் என்று வாரந்தோறும் கூடிச் சொல்வது இன்னமும் ஒரு குழுவின் கருத்தே.

கருத்து ஆட்சி செய்யும் இடத்தில், கண்ணுக்குத் தெரிவதே கணக்கில் சேரும் என்ற விதியும் கூடவே வந்து அமர்ந்துவிடுகிறது. 2017ஆம் ஆண்டுப் பருவத்தில் மத்திய புளோரிடாப் பல்கலைக்கழகம் ஆடிய பதின்மூன்று ஆட்டங்களையும் வென்றது. அதன் கடைசி ஆட்டத்தில் அது வீழ்த்திய ஓபர்ன் அணியோ, அவ்வாண்டு இறுதியாட்டத்தில் மோதிய அலபாமா, ஜோர்ஜியா ஆகிய இரண்டையும் ஏற்கெனவே தோற்கடித்த அணி. ஆனால் அந்தக் கடைசி ஆட்டத்துக்கு முன்பே முடிவான நால்வர் பட்டியலில் மத்திய புளோரிடாவுக்கு இடம் கிடைத்திருக்கவில்லை. அது விளையாடிய சிறிய கூட்டமைப்பின் அணிகள் வலுவற்றவை, ஆகவே அந்த வெற்றிகளுக்கு எடை குறைவு என்பதே சொல்லப்பட்ட காரணம். வலுவான அணிகளோ சிறிய கூட்டமைப்புகளின் வலுவான அணிகளுடன் ஆடப் பெரும்பாலும் விரும்புவதில்லை. பெரியவரோடு ஆடாததால் சிறியவர், சிறியவராக இருப்பதால் பெரியவரோடு ஆட்டமில்லை என்ற இந்தச் சக்கரத்தை அமெரிக்கர் மட்டும் கண்டுபிடித்ததாக யாரும் எண்ண வேண்டியதில்லை.

கல்லூரியிலிருந்து தொழில்முறைக்குச் செல்லும் வாயிலை அங்கே டிராப்ட் என்பர். தொழில்முறைக் கழகங்கள் வரிசையாக நின்று கல்லூரி வீரர்களைப் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு அது. முந்தைய ஆண்டில் கடைசியாக வந்த கழகத்துக்கு முதல் தெரிவு கிடைக்கும் என்பதால், நலிந்த அணி மீண்டெழ வழி பிறக்கிறது. 1936 பெப்ரவரியில் பிலடெல்பியாவில் நடந்த முதலாவது டிராப்டில் தொண்ணூறு பெயர்கள் கரும்பலகையில் எழுதப்பட்டிருந்தன. வீரரைத் தேடி ஊர் ஊராகச் செல்லும் ஆட்கள் அக்காலத்தில் இல்லாமையால், பெரும்பாலும் பத்திரிகையில் பெயர் அடிபட்டவர்களே அந்தப் பலகையில் ஏறினர். முதலாவதாகத் தெரிவான சிக்காகோப் பல்கலைக்கழகத்து ஜே பேர்வாங்கர் தொழில்முறை ஆட்டத்தில் ஒருநாளும் இறங்கவில்லை. கேட்ட சம்பளம் கிடைக்காததே காரணம். அவர் படித்த பல்கலைக்கழகமோ 1939இல், படிப்புக்கும் இந்த ஆரவாரத்துக்கும் பொருத்தமில்லை என்று கருதி, அந்த ஆட்டத்தையே கைவிட்டது. இப்படியும் ஒரு நிர்வாகம் இருந்திருக்கிறது.

மாணவர் என்ற பெயரில் ஆடியவருக்கு நெடுங்காலம் ஊதியம் இல்லை. அரங்கும் தொலைக்காட்சியும் கோடிகளை ஈட்டின, பயிற்றுநர் கோடீஸ்வரரானார், ஆடியவருக்குக் கல்விக் கட்டணமும் விடுதியும் உணவும் மட்டுமே. 2021 ஜூன் மாதத்தில் அமெரிக்க உயர் நீதிமன்றம் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அடுத்த மாதத்திலிருந்து தம் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துப் பணம் பெற மாணவருக்கு வழி திறந்தது; 2025இல் பல்கலைக்கழகங்களே நேரடியாகப் பணம் தரலாம் என்ற நிலையும் வந்தது. கல்லூரிக்கும் தொழில்முறைக்கும் நடுவே இருந்த வேலி இப்போது பெயரளவில்தான் நிற்கிறது.

பெரும்பாலான நாடுகளில் இந்தக் கதைக்கு ஒப்புமை தேடினாலும் கிடைக்காது. ஐரோப்பாவில் சிறுவர் கழகங்களின் பயிற்சிப் பள்ளிகளில் வளர்கின்றனர். பாடசாலையின் பெயருக்கு அங்கே பொருளில்லை. இலங்கையிலோ பாடசாலைச் சின்னம் அமெரிக்கப் பல்கலைக்கழகச் சின்னத்துக்கு நிகரான எடையைச் சுமக்கிறது. கொழும்பு றோயல் கல்லூரிக்கும் கல்கிசை சென். தோமஸ் கல்லூரிக்கும் இடையிலான ஆண்டுப் போட்டி 1879இல் தொடங்கியது. அவ்வாண்டு ஆசிரியரும் அணியில் நின்று ஆடியதால், மாணவர் மட்டுமே ஆடிய 1880ஆம் ஆண்டு ஆட்டத்தையே முதலாவதாகக் கொள்வோரும் உளர். 1885இல் றோயல் ஒன்பது ஓட்டங்களுக்குச் சுருண்ட செய்தியைத் தோமஸ் பழைய மாணவர் இன்றைக்கும் நேற்று நடந்ததுபோல் சொல்வர். கண்டியில் திரித்துவக் கல்லூரிக்கும் புனித அந்தோனியார் கல்லூரிக்கும் இடையிலான போட்டி 1914இலிருந்தும், யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரிக்கும் சென். ஜோன்ஸ் கல்லூரிக்கும் இடையிலான வடக்கின் போர் 1904இலிருந்தும் நடந்து வருகின்றன. பிக் மெட்ச் என்று எல்லா மொழியினராலும் அழைக்கப்படும் இந்த ஆட்டங்கள் மார்ச் மாதத்தை அண்டிய வாரங்களில் நடைபெறும். லொறிகளில் பாண்ட் வாத்தியமும் கொடிகளும் ஏறும். நரைத்த பழைய மாணவர் பத்தாம் வகுப்புப் பையனின் துடுப்பு பிடிக்கும் முறையைத் திருத்துவர்.

இந்தச் சூழலில் பிறந்ததே கூப்பன் வாக்கு. லேக் ஹவுஸ் நிறுவனத்தின் ஒப்சேவர் பத்திரிகை 1970களின் இறுதியில் ஆண்டின் சிறந்த பாடசாலைக் கிரிக்கெட் வீரருக்கான விருதைத் தொடங்கியது. 1979இல் முதலாவது விருதைப் பெற்ற றோயல் கல்லூரியின் ரஞ்சன் மடுகல்ல பின்னர் இலங்கை அணித்தலைவராகவும் சர்வதேச ஆட்ட மத்தியஸ்தராகவும் ஆனார். ஆனந்தாக் கல்லூரியின் அர்ஜுன ரணதுங்கவும் இவ்விருதைப் பெற்றவர். 1982 பெப்ரவரியில் கொழும்பு சரா ஓவலில் இலங்கை தன் முதலாவது டெஸ்ட் ஆட்டத்தை ஆடியபோது அவர் இன்னமும் பாடசாலை மாணவர், அவர் எடுத்ததோ அரைச்சதம். ஓட்டங்களையும் விக்கெட்டுகளையும் கணக்கிட்டு நடுவர் வழங்கும் பிரதான விருதுக்குப் பக்கத்தில், வாசகர் பத்திரிகையிலிருந்து கூப்பனைக் கத்தரித்து, பெயரெழுதி அனுப்பித் தெரிவு செய்யும் மிகவும் பிரபல்யமான வீரர் என்ற விருதும் உண்டு. கையடக்கத் தொலைபேசி வந்த பிறகு குறுஞ்செய்தி வாக்கும் சேர்ந்துகொண்டது. அமெரிக்காவில் அறுபதுக்கு மேற்பட்ட பத்திரிகையாளர் செய்வதை இங்கே எந்த வாசகரும் செய்யலாம். ஒருவரே ஒரு கட்டுக் கூப்பன் அனுப்பவும் தடையில்லை. பழைய மாணவர் சங்கம் எவ்வளவு பெரியதோ அவ்வளவு வாக்கு என்பது இதன் எழுதப்படாத விதி.

அவ்விருதுகளுள் ஒரு பிரிவின் பெயர் கூர்ந்து நோக்கத்தக்கது. வெளியூர்ச் சிறந்த வீரர் என்பது அதன் பொருள். மாத்தறை சென். சேர்வேஷியஸ் கல்லூரியில் ஆடிய சனத் ஜயசூரிய 1988இல் அதைப் பெற்றார். எட்டு ஆண்டுகளில் உலகக் கிண்ணத் தொடரின் நாயகனானார். ஒரு பிரிவுக்கு வெளியூர் என்று பெயரிடும்போது மற்றைய பிரிவுகள் எந்த ஊரைச் சேர்ந்தவை என்பதும் சொல்லாமலே சொல்லப்பட்டுவிடுகிறது. ஆனாலும் அந்த வெளியூரில் மாத்தறை உண்டு, காலி உண்டு, கண்டி உண்டு. ஊவாவின் பதுளை மாவட்டத்துத் தோட்டப் பாடசாலை அந்த வெளியூருக்கும் வெளியே இருக்கிறது.

பண்டாரவளையிலிருந்து பூனாகலைக்குச் செல்லும் பாதை தேயிலைச் சரிவுகளின் ஓரமாகவே வளைந்து செல்வது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி பதுளை மாவட்ட மக்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் தமிழர். அவர்களில் பெரும்பாலோர் இத்தகைய சரிவுகளில் அமைந்த லயங்களில் வாழ்பவர். லயம் என்பது ஒரே கூரையின்கீழ் வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் குடியிருப்பு. கிரிக்கெட் ஆட்டத்துக்கு இருபத்திரண்டு யார் நீளமான சமதரை ஆடுகளமும், அதைச் சுற்றி எல்லாத் திசையிலும் ஐம்பது அறுபது யார் வெளியும் வேண்டும். தேயிலைத் தோட்டத்தில் சமதரை என்றால் தொழிற்சாலை முற்றம், காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களம், துரையின் பங்களாப் புல்வெளி ஆகிய மூன்றுதான் முதலில் நினைவுக்கு வரும். மலையை வெட்டிப் படியாக்கினாலொழிய நான்காவது கிடையாது. தேயிலை நட்ட மண்ணை விளையாட்டுக்காக வெட்ட எந்தக் கம்பனியும் முன்வருவதும் கிடையாது. சில தோட்டங்களில் மைதானம் என்று பெயர் பெற்ற இடங்கள் உண்டு. அங்கே ஒரு பக்கம் அடித்தால் நான்கு ஓட்டம், மறுபக்கம் அடித்தால் பந்து பள்ளத்துத் தேயிலைக்குள் சென்றுவிடும் என்பதால் ஆட்டமிழப்பு என்று இளைஞர் தாமே சட்டம் இயற்றிக்கொள்வர். சரிவு வகுத்த சட்டம் அது.

மழையும் ஒரு காரணம். இதைக் கொழும்பிலுள்ள ரசிகர் பெரும்பாலும் கவனிப்பதில்லை. பாடசாலைக் கிரிக்கெட்டின் கடினப்பந்துப் பருவம் செப்டெம்பர், ஒக்டோபர் அளவில் தொடங்கி மார்ச் மாதப் பிக் மெட்ச்களுடன் முடிகிறது. மேற்குக் கரையில் ஜனவரி முதல் மார்ச் வரை வானம் வெளுத்திருக்கும் காலம் அது. அந்த வானத்துக்கு ஏற்றதாகவே நாட்காட்டி அமைந்திருக்கிறது. மத்திய மலைத்தொடரின் கிழக்குப் புறத்தில் இருக்கும் ஊவாவின் வானம் வேறு. ஒக்டோபரில் தொடங்கும் இடைப்பருவ மழையும் அதைத் தொடரும் வடகீழ்ப் பருவப் பெயர்ச்சி மழையும் ஜனவரி வரை இங்கே கொட்டும். கொழும்பில் துடுப்பெடுக்கும் மாதங்களில் ஊவாவில் மண் சரியும். 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது இந்தப் பருவத்தில்தான். உயிர் தப்பியவர் தங்கவைக்கப்பட்டது கொஸ்லந்தை, பூனாகலைப் பாடசாலைகளில். விளையாட்டுக்கு வேண்டிய பாடசாலைக் கட்டடமும் முற்றமும் அடைக்கலமாக மாறிவிடும் மாதங்களைக் கிரிக்கெட் பருவம் என்று வேறு யாரோ தீர்மானித்திருக்கின்றனர். ஊவாவில் நல்ல வெயிலும் காய்ந்த காற்றும் வீசும் ஜூலை முதல் செப்டெம்பர் வரையான காலம் உலகம் விரும்பிக் குடிக்கும் ஊவாத் தேயிலையின் மணத்துக்கு உரியது. அக்காலத்தின் பெரும்பகுதியில் பாடசாலைக் கிரிக்கெட்டின் பிரதான பருவம் உறங்கும்.

மலைநாட்டில் கிரிக்கெட் இல்லாமல் இல்லை; அது யாருக்காக இருந்தது என்பதே கேள்வி. வெள்ளைத் தோட்டத் துரைமார் கோப்பி பயிரிட்ட காலத்திலேயே, 1868இல், திக்கோயா மஸ்கெலியாக் கிரிக்கெட் கழகத்தை டரவளையில் அமைத்தனர். கொழும்பில் சமூகத்துக்கொரு கழகமாகச் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் தத்தம் பெயரில் கழகம் கண்டபோது, தமிழ் யூனியன் 1899இல் தோன்றியது. அக்கழகத்தின் தமிழர் யாழ்ப்பாணத்தையும் கொழும்பையும் சேர்ந்த உத்தியோகத்தரும் வழக்கறிஞரும் வணிகருமே. தோட்டத் தொழிலாளர் அல்லர். 1900இல் தென்னாபிரிக்கப் போரில் பிடிபட்ட போயர்கள் ஏறத்தாழ ஐயாயிரம் பேர் ஊவாவிலுள்ள தியத்தலாவை முகாமில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் ஓர் அணி 1901இல் கொழும்புக்கு அழைத்துச் செல்லப்பட்டு கோல்ட்ஸ் கழகத்துடன் கிரிக்கெட் ஆடியது. போர்க் கைதிக்குக் கிடைத்த அந்த ரயில் பயணம், அதே மலைகளில் கொழுந்து பறித்தவரின் பிள்ளைக்கு அடுத்த பல பத்தாண்டுகளுக்குக் கிடைக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் கல்கிசைக் கட்டடங்களை இராணுவம் எடுத்துக்கொண்டபோது, 1942இல் சென். தோமஸ் கல்லூரியின் கிளையொன்று வெலிமடையை அடுத்த குருத்தலாவையில் தொடங்கப்பட்டது. பிக் மெட்ச் பாடசாலை ஒன்றின் பெயர் ஊவாவுக்கு வந்தது இப்படித்தான். அது வந்தது தோட்டப் பிள்ளைகளுக்காக அன்று.

தோட்டப் பிள்ளைகளின் பாடசாலையோ லயத்து அறையொன்றில் ஓர் ஆசிரியரோடு ஐந்தாம் வகுப்புடன் நின்றுவிடும் ஏற்பாடாகவே நெடுங்காலம் இருந்தது. 1960களின் தொடக்கத்தில் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் வெளியே விடப்பட்டன. 1970களில்தான் அவை படிப்படியாக அரசின் கைக்கு வந்தன. பழைய மாணவர் சங்கம் ஒன்று வலுப்பெற இரண்டு மூன்று தலைமுறை வேண்டும். றோயலுக்கு நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் வாய்த்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டு, 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தால் பங்கிடப்பட்டு, குடும்பம் குடும்பமாகக் கப்பலேறிய ஒரு சமூகத்தில் பழைய மாணவர் எந்த ஊரில் இருக்கிறார் என்பதே பல பாடசாலைகளுக்குத் தெரியாது. கூப்பனைக் கத்தரிக்க வேண்டியவர் தமிழ்நாட்டு நீலகிரியின் கூடலூரிலும் கோத்தகிரியிலும் தேயிலை பறித்துக்கொண்டிருந்தார்.

இத்தனைக்கும் இடையில் முத்தையா முரளிதரன் எப்படி வந்தார் என்ற கேள்வி எழுவது இயல்பு. தோட்டத்துத் தேநீர்க் கடையில் இந்த விவாதம் தொடங்கினால் அது அவர் பெயரில்தான் முடியும். அவருடைய பாட்டனார் 1920இல் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்ய வந்து, பிற்காலத்தில் திருச்சிராப்பள்ளிக்குத் திரும்பியவர். தந்தை முத்தையா இலங்கையிலேயே தங்கிக் கண்டியை அடுத்து பிஸ்கட் தொழிற்சாலை நடத்தினார். அந்தத் தொழிற்சாலைதான் இக்கதையின் திருப்பம். ஒன்பதாவது வயதில் முரளிதரன் பெனடிக்ற் துறவிகள் நடத்திய புனித அந்தோனியார் கல்லூரியில் சேர்க்கப்பட்டார். வேகப் பந்துவீச்சாளராக இருந்த பையனைப் பதினான்காவது வயதில் சுழற்பந்துக்கு மாற்றியவர் கல்லூரிப் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ. கடைசி இரு பருவங்களில் நூறுக்கு மேற்பட்ட விக்கெட்டுகளைச் சாய்த்து 1990/91ஆம் ஆண்டின் சிறந்த பாடசாலை வீரரானார். தமிழ் யூனியனில் சேர்ந்தார். 1992 ஓகஸ்ட்டில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக டெஸ்ட் ஆடினார். 2010 ஜூலையில் காலியில் தமது கடைசிப் பந்தில் எண்ணூறாவது விக்கெட்டை எடுத்து டெஸ்ட் ஆட்டத்திலிருந்து ஓய்ந்தார். பாடசாலை, பயிற்றுநர், விருது, கழகம், தேசிய அணி என ஒரு படியும் தவறாத ஏணி இது. தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவரின் பேரன் அந்த ஏணியில் ஏறினான் என்பது உண்மை. ஏணியின் அடிப்பாகம் தோட்டத்தில் இருக்கவில்லை, கல்லூரி அமைந்த கட்டுகஸ்தொட்டையில் இருந்தது என்பதும் அதே அளவு உண்மை. முரளியைக் காட்டி மலையகத்துக்கு வழி திறந்திருக்கிறது என்பவர் இரண்டாவது உண்மையை விட்டுவிடுகின்றனர்.

அண்மைக் காலத்தில் ஏணியின் சில படிகளைத் தாண்டிச் செல்லவும் வழி பிறந்திருக்கிறது. கண்டித் திரித்துவக் கல்லூரியில் ஆடிய மதீஷ பத்திரனவின் பந்துவீச்சுக் காணொளி கைக்குக் கை பரவி, இலங்கைத் தேசிய அணிக்காக ஓர் ஆட்டமும் ஆடும் முன்பே 2022இல் சென்னை சூப்பர் கிங்ஸ் அணிக்குள் அவர் இறங்கினார். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020இல் லங்கா பிரீமியர் லீக்கில் யாழ்ப்பாண அணிக்கு ஆடி, 2023இல் இலங்கை அணிக்கும் 2024இல் ஐபிஎல் தொடரில் சன்ரைசர்ஸ் ஹைதராபாத்துக்கும் சென்றார். ஒருவருக்குப் படம் பிடிக்கப்படும் பாடசாலை ஆட்டம் இருந்தது. மற்றவருக்கு ஊரின் பெயரைச் சுமந்த அணி இருந்தது. பூனாகலைப் பக்கத்துப் பையனின் பந்தும் கையடக்கத் தொலைபேசியில் படமாகிறது, ஆனால் அது டெனிஸ் பந்து. மென்பந்துச் சுற்றுப்போட்டிகள் தைப்பொங்கலுக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும் தோட்டத்துக்குத் தோட்டம் நடக்கின்றன. ஆறு ஓவரில் அறுபது அடிக்கும் இளைஞர் அங்கே ஏராளம். கடினப்பந்துக்கு மாறவேண்டுமானால் காற்காப்பு, கையுறை, தலைக்கவசம், பாய் விரித்த ஆடுகளம், பயிற்றுநர் என்று வேண்டியவற்றின் விலை நாட்சம்பளக் குடும்பத்தின் கணக்குக்கு அடங்காது. அதனால்தான் தோட்டங்களில் ஒரு வலையும் ஒரு பந்தும் போதுமான கரப்பந்தாட்டமும், வெறுங்காலே போதுமான நீண்டதூர ஓட்டமும் கிரிக்கெட்டைவிட நேர்மையான வாய்ப்புகளாக இருந்து வந்திருக்கின்றன.

கருத்து மட்டும் குறைவில்லை. ஐபிஎல் பருவத்தில் லயத்து வாசலில் நடக்கும் பேச்சைக் கேட்பவர், சென்னை அணியின் நடுவரிசை பற்றியும் இலங்கைத் தெரிவுக்குழுவின் கண் பற்றியும் கொழும்புப் பத்திரிகையின் ஞாயிறு மலர் சொல்லாத நுட்பங்களை அங்கே கேட்கலாம். முரளிதரன் ஆடிய அணி என்பதால் 2008 முதல் சென்னை தோட்டத்தின் சொந்த அணி. பத்திரன அங்கு சேர்ந்தபின் அந்தச் சொந்தம் இரட்டிப்பானது. அலபாமாவின் ரசிகர் தம் பல்கலைக்கழகத்துக்காகப் பேசுகிறார். றோயலின் ரசிகர் தாம் படித்த வகுப்புக்காகப் பேசுகிறார். ஊவாத் தோட்டத்து ரசிகர் கடலுக்கு அப்பாலுள்ள ஒரு நகரத்தின் அணிக்காகப் பேசுகிறார். ஆட்டத்தைப் பற்றிய அறிவில் மூவரும் ஒன்றே. முதலாமவரின் பேச்சு பத்திரிகையாளரின் வாக்கிலும், இரண்டாமவரின் பேச்சு கூப்பனிலும் எண்ணிக்கைக்கு வந்தது. மூன்றாமவரின் பேச்சை எண்ணுவாரில்லை.

ஊவாவுக்கு என்று ஓர் அணி ஒருமுறை இருந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. 2012இல் நடந்த ஸ்ரீலங்கா பிரீமியர் லீக் தொடரில் மாகாணங்களின் பெயரில் ஏழு அணிகள் ஆடின. அவற்றுள் ஊவா நெக்ஸ்ட் என்ற அணி, ஓகஸ்ட் 31ஆந் திகதி கெத்தாராமவில் மழை குறுக்கிட்ட இறுதியாட்டத்தில் கிழக்கின் பெயர் தாங்கிய நாகெனஹிர நாகாஸ் அணியை வீழ்த்திச் சம்பியனாகி, அவ்வாண்டே தென்னாபிரிக்காவில் நடந்த சம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றுக்கும் சென்றது. தொடரின் ஆட்டங்கள் கெத்தாராமவிலும் பல்லேகலையிலும் நடந்தன. சர்வதேசத் தரமுள்ள மைதானம் ஊவாவில் இல்லாமையால் ஊவாவின் அணி ஊவாவில் ஓர் ஆட்டமும் ஆடவில்லை. பதுளையிலும் பண்டாரவளையிலும் அந்தக் கிண்ணத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தனர். 2013இல் தொடர் கைவிடப்பட்டது. அணியும் அத்துடன் மறைந்தது. 2020இல் தொடங்கிய லங்கா பிரீமியர் லீக்கில் கொழும்பு, கண்டி, காலி, தம்புள்ளை, யாழ்ப்பாணம் என ஐந்து ஊர்களின் பெயரில் அணிகள் இறங்கின. ஊவாவின் பெயர் அவற்றில் இல்லை.